முதல் குடம் நிற்கும் சுவர்

கண்மாயைக் குடித்தவன் கட்டிய சுவர், கண்டதைச் சொல்ல வாயில்லாமல் வயிற்றைத் தள்ளிக் காட்டிய கதை இது. கேட்கிறவர்கள் ஆச்சரியப்பட வேண்டாம், நாங்களும் படவில்லை, ஆச்சரியப்படுவதற்கு நாக்கில் கொஞ்சம் ஈரம் வேண்டும்.

எங்கள் ஊரின் பெயர் ஆமைக்குன்று. ஊர் இருக்கிறது, குன்று இல்லை. குன்றை வெடிவைத்துப் பிளந்து, அரவையில் கொட்டி, எம்-சாண்ட் என்று பெயர் வைத்து விற்றார்கள். விற்றது போக மிஞ்சிய மணலில் கல் வார்த்து, எங்கள் கண்மாயைச் சுற்றிக் கம்பெனி ஒரு சுவர் எழுப்பியது. சுவருக்கு உள்ளே ஆழ்துளைக் கிணறுகள் இறங்கின, பாட்டில்கள் நிரம்பின, பாட்டில்களின் மேல் எவனும் பார்த்திராத ஒரு பனிமலையின் படத்தை ஒட்டி ஊர் ஊராக அனுப்பினார்கள். இப்படிக் கண்மாயைக் குடித்த கம்பெனி, தினமும் காலையில் ஒரு லாரியில் எங்கள் கண்மாயையே எங்களுக்குக் கொண்டுவந்து ஊற்றியது. தர்மமல்ல. ஊராருக்கு இலவசமாகக் குடிநீர் தரவேண்டும், ஊரார் அதை வாங்கிக்கொள்ளவும் வேண்டும், அப்போதுதான் உரிமம் புதுப்பிக்கப்படும் என்று அரசாங்கம் நிபந்தனை போட்டிருந்தது. கொள்ளையடித்தவன் கையால் நீ ஒரு வாய் சோறு வாங்கித் தின்றுவிட்டால் நடந்தது கொள்ளையல்ல, விருந்து என்பது அரசாங்கத்தின் நியாயம். இதைத்தான் நான் துண்டறிக்கை துண்டறிக்கையாக எழுதினேன், தீப்பெட்டி ஆபீஸ் சங்கத்தின் சைக்ளோஸ்டைல் மெஷினில் கை கறுக்கச் சுற்றினேன், வீடு வீடாகக் கொடுத்தேன். அந்தோணிசாமி கடையில் அதில் வடை மடித்துக் கொடுத்தார்கள். வடையில் எண்ணெய் அதிகம், என் எழுத்து நன்றாக உறிஞ்சியது.

லாரிக்கு நிற்கும் வரிசைக்கு எங்களிடம் ஒரு சட்டம் உண்டு. எந்தச் சட்டசபையும் இயற்றாத சட்டம், அதனாலேயே யாரும் மீறாத சட்டம். காலையில் சுவரோரம் குடத்தை வைத்துவிட்டால் குடம்தான் ஆள். குடமில்லாதவர் பெயிண்டு வாளியை வைக்கலாம், வாளியும் இல்லாதவர் செங்கல்லை வைக்கலாம், செருப்பை வைக்கலாம். வைத்தவர் வீட்டுக்குப் போய் உலை வைத்துவிட்டு வரலாம், பிள்ளை பெற்றுவிட்டுக்கூட வரலாம் என்பாள் எங்கள் தெரு ஒச்சம்மா. ஆனால் வைத்ததை யாரும் தாண்டக்கூடாது. உரியவர் வந்து எடுக்கவேண்டும், இல்லையென்றால் அந்த வீட்டார் வந்து “இடத்தை விட்டுட்டோம்” என்று நாலு பேர் காதில் விழ வாயால் சொல்லவேண்டும். கடைக்கார அந்தோணிசாமியின் தம்பி ஒருமுறை ஒரு செங்கல்லைத் தாண்டிப்போய்த் தண்ணீர் பிடித்தான். அவன் மகள் கல்யாணப் பந்தலில் நாய் மட்டும்தான் படுத்திருந்தது.

அந்த வரிசையில்தான் பிரகாசி செத்தாள். லூர்தம்மாளின் ஒரே மகள், பன்னிரண்டாம் வகுப்புப் படித்தவள், ஒரு பக்கம் இடுப்பு ஒடுங்கிய எவர்சில்வர் குடத்தை அன்றைக்கு எல்லாருக்கும் முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் நின்று புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். லாரி பின்பக்கமாக வந்தது, ஓட்டியவன் திரும்பிப் பார்க்கவில்லை, சுவருக்கும் லாரிக்கும் நடுவில் அவள் நசுங்கினாள். அவளையும் குடத்தையும் ஒரே தார்ப்பாயில் சுருட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். அவளைத் திருப்பித் தந்தார்கள், குடத்தைத் தரவில்லை. ரோட்டைக் கடக்க ஓடிய பெண் தானே லாரியில் போய் விழுந்தாள் என்று போலீசில் எழுதிக்கொண்டார்கள். அங்கே வரிசை என்று ஒன்று இருந்ததே இல்லை என்றான் கம்பெனி மேனேஜர் சுகுமாரன். இருந்தது என்று சொன்ன எங்கள் அத்தனை பேரையும், ஒரே தெருக்காரர்கள், ஒரே வாய், செல்லாது என்று தள்ளினார்கள். லூர்தம்மாள் கம்பெனி கேட்டுக்குப் போய் நின்றாள். அழுது புரளுவாள் என்று எதிர்பார்த்து இரண்டு போலீஸ்காரர்களை வைத்திருந்தான் சுகுமாரன். அவள் புரளவில்லை.

“எம் மவ வரிசையில நின்னான்னு சொல்லுங்க சார். ஓடல. நின்னா. அதைச் சொல்லிட்டீங்கன்னா நான் போயிருதேன்” என்றாள்.

அவன் அதைத் தவிர மற்ற எல்லாம் சொன்னான். மறுநாள் சுவரில் இருந்த கறையின் மேல் ஆளைவிட்டுச் சுண்ணாம்பு அடித்தான்.

சுண்ணாம்பு காய்ந்ததும் சுவர் வீங்கத் தொடங்கியது. முதலில் அம்மைக் கொப்புளம்போல அங்கங்கே பொங்கியது, பூச்சு சரியில்லை என்றார் காண்ட்ராக்டர். பிறகு கொப்புளங்கள் ஒன்றோடொன்று கூடி உருண்டு, உள்ளேயிருந்து யாரோ மண்டியிட்டு முதுகால் தள்ளுவதுபோல ஒரு சாண் அளவுக்கு வெளியே வந்து நின்றன. வண்ணம் எதுவுமில்லை, வெறும் வெள்ளை, வெயில் சாய்ந்து விழும்போது நிழல்தான் வண்ணம். அடியில் நீளத்துக்கும் உருண்டைகள், அரை உருண்டைகள், கழுத்துபோல ஒரு வளைவு, வாய்போல ஒரு பிறை, நடுநடுவே சதுரமாக ஒன்று, தட்டையாக ஒன்று. அவற்றுக்கு மேலே கண்மாய்த் தண்ணீர் கரையில் வற்றி வற்றி இறங்கும்போது விட்டுப்போகும் கோடுகள்போல வரிவரியாக மேடுகள். அதற்கும் மேலே, சுவரின் உச்சியில், ஓட்டுக்குள்ளிருந்து கழுத்தை நீட்டும் ஆமையைப்போல ஒரு பெரிய வளைவு. எதையும் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. குடம் என்று பார்த்தால் பாறை, பாறை என்று பார்த்தால் குடம். ஆனால் எங்கள் ஊரில் பிறந்த எவருக்கும் அந்த உச்சி வளைவு என்னவென்று சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கிழவர்கள் அந்தப் பக்கமாகப் போகும்போது, முன்பு குன்றைப் பார்த்துச் செய்ததுபோலவே, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்கள்.

சுவர் ஏன் அப்படிச் செய்தது என்பதைப் பற்றி ஊரில் பேச்சு அதிகமில்லை. குன்றின் மணல்தானே, அதுக்கு ஞாபகமிருக்காதா என்று சிலர் சொன்னார்கள், அத்தோடு விட்டார்கள். வேலை கிடந்தது. உருண்டைகளுக்கு நடுவில் பள்ளம் கிடைத்ததால் பெண்கள் அதில் விறகைச் செருகிவைத்தார்கள், வெள்ளாடுகள் முதுகு சொறிந்தன, நீட்டிக்கொண்டிருந்த ஒரு வளைவில் எவனோ மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டினான். கோயில் பூசாரி மஞ்சள் துணியோடு வந்தார், உபதேசியார் ஜெபப் புத்தகத்தோடு வந்தார், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததும் திரும்பிப் போனார்கள். அடுத்த தேர்தல்வரை அந்தச் சுவர் தங்களுக்கே என்று எழுதிவைத்திருந்த கட்சிக்காரர்கள்தான் அதிகம் நொந்தார்கள். சுவரின் ஓரத்தில் இருந்த தலைவர் பெயரில் பாதி ஒரு உருண்டையின் மேலும் மீதி ஒரு பள்ளத்துக்குள்ளும் போய்விட்டதால், மாவட்டத்திலிருந்து ஆள் வந்து விளக்கம் கேட்டது.

ஒடுங்கிய குடத்தை முதலில் கண்டவள் ஒச்சம்மாதான். லாரி நிற்கும் இடத்தில், வரிசைக்குத் தலைமாட்டில், ஒரு பக்கம் இடுப்பு உள்வாங்கிய உருண்டை ஒன்று மற்றவற்றைவிடப் பெரிதாகத் துருத்திக்கொண்டு நின்றது. அதற்குப் பின்னால் வாளி, அதற்குப் பின்னால் செங்கல், நாலாவதாகத் தன் உதடு நெளிந்த குடம், பிறகு சீலைக்காரியம்மாள் வீட்டு அண்டா என்று, பிரகாசி செத்த அன்றைக்கு யார் யார் எங்கெங்கே நின்றார்களோ அந்த முறையில், ஒன்று மாறாமல் வரிசை சுவரில் நின்றது.

அன்று லாரி வந்தது. ஓட்டுநர் குழாயைத் திறந்தான். ஒச்சம்மா இடுப்பில் குடத்தோடு இரண்டடி போய் நின்றாள். அவளுக்கு முன்னால் செங்கல், அதற்கு முன்னால் வாளி, அதற்கும் முன்னால் பிரகாசி. செங்கல்லுக்குரிய கிழவர் வந்து நின்றார், வாளிக்குரியவளும் வந்து நின்றாள். முதல் குடத்துக்கு யாரும் வரவில்லை. ஒச்சம்மா திரும்பி, கூட்டத்தின் ஓரத்தில் நின்ற லூர்தம்மாளிடம், உன் மகள் இடத்தை விட்டுட்டியா என்று கேட்டாள்.

“விடல” என்றாள் லூர்தம்மாள்.

அவ்வளவுதான். குழாயிலிருந்து தண்ணீர் கொட்டியது, புழுதி அதைக் குடித்தது, நாய்கள் வந்து நக்கின, ஒருவர்கூட நகரவில்லை. ஓட்டுநர் கெஞ்சினான், திட்டினான், குழாயை மூடினான், போனான். மறுநாளும் அப்படியே, அதற்கு அடுத்த நாளும் அப்படியே.

இங்கே ஒன்றைச் சொல்லியாகவேண்டும், சொன்னால் எங்கள் ஆட்களுக்கே கோபம் வரும், வரட்டும். ஒரு பெண்ணை லாரி ஏற்றிக் கொன்றபோது இந்த ஊர் மறியலுக்கு வரவில்லை. நான் கூப்பிட்டேன், கையில் கொடியோடு ரோட்டில் உட்கார்ந்தேன், என்னோடு உட்கார்ந்தவர்களை விட எங்களைத் தூக்க வந்த போலீஸ்காரர்கள் அதிகம். கண்மாய் போனபோது வராத ஜனங்கள், குன்று போனபோது வேடிக்கை பார்த்து, வெடிச்சத்தத்துக்குக் காதைப் பொத்திய ஜனங்கள், வரிசையைத் தாண்டக்கூடாது என்பதற்காகத் தாகத்தோடு நின்றார்கள். அநியாயம் என்றால் பொறுத்துக்கொள்வார்கள், முறை தவறினால் பொறுக்கமாட்டார்கள். என் வாழ்நாளில் நான் கட்ட முடியாத வேலைநிறுத்தத்தை ஒரு ஒடுங்கிய குடம் கட்டியது. பெருமைப்பட்டேன், பல்லையும் கடித்தேன்.

லேசாக ஒன்றும் நடக்கவில்லை. வடக்கே தோட்டக் கிணற்றுக்குப் போய் உப்புத் தண்ணீரைச் சுமந்தார்கள், அதில் வேகாத பருப்பை மென்றார்கள், பிள்ளைகளுக்குத் தலை பிசுக்கேறியது. லூர்தம்மாள் வீட்டு வாசலில் வந்து பெண்கள் திட்டினார்கள். செத்தவள் வந்து தண்ணீர் பிடிக்கவா போகிறாள், ஒரு வார்த்தை விட்டேன் என்று சொன்னால் உன் வாயா தேய்ந்துபோகும், உனக்கென்ன ஒற்றைக் கட்டை, எங்களுக்குப் பிள்ளைகுட்டி இல்லையா என்றார்கள். ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். லூர்தம்மாள் தூற்றிய மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். தூற்றியவள் மறுநாள் காலையில் தன் குடத்தோடு போய்த் தன் இடத்தில் நின்றாள், தாண்டவில்லை.

உரிமம் புதுப்பிக்கும் நாள் நெருங்கியது. ஊரார் தண்ணீர் வாங்கும் படம் வேண்டும். சுகுமாரன் பக்கத்து ஊரிலிருந்து கூலிக்குப் பெண்களை ஒரு வேனில் இறக்கி, புதுக் குடங்கள் கொடுத்து, போட்டோக்காரனையும் நிறுத்தினான். அந்தப் பெண்கள் இறங்கினார்கள், சுவரைப் பார்த்தார்கள், தங்களுக்குள் ஏதோ முணுமுணுத்தார்கள். பிறகு ஒருத்தி எங்கள் பக்கம் திரும்பி, கடைசி யாரு என்று கேட்டாள். யாரென்று காட்டினோம். புதுக் குடங்களைக் கொண்டுபோய் எங்களுக்குப் பின்னால் வைத்துவிட்டு அவர்களும் நின்றார்கள். அவர்களுக்கும் லாரித் தண்ணீர்தான்.

இடித்துத் தள்ளிவிடலாம் என்று சுகுமாரன் கேட்டானாம். செத்த இடத்தில் சுவரை இடித்தால் பேப்பரில் வரும் என்று மேலிடம் மறுத்துவிட்டு, சென்னையிலிருந்து கலை ஆலோசகர் நந்திதா மேடம் என்பவரை அனுப்பியது. அவர் நல்லவர். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இத்தனை எரிச்சல் வந்திருக்காது. வெயிலில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், கண் கலங்கினார், காலையிலிருந்து சாயங்காலம்வரை நிழல் நகர்வதை உட்கார்ந்து பார்த்தார். சுகுமாரனுக்கும் எங்களுக்கும் சேர்த்து விளக்கினார்: இது அரூபமான புடைப்புச் சிற்பம், வீட்டுப் பாத்திரங்களையும் நிலக்காட்சியையும் எடுத்துக்கொண்டு, அவற்றின் அடையாளத்தை உதிர்த்துவிட்டு, வெறும் வடிவமாக, கனமாக, நிழலாக ஆக்கியிருக்கிறது, இதன் அழகே இதில் மனித உருவம் ஒன்றுகூட இல்லாததுதான்.

“ஆள் இல்லையா?” என்றாள் ஒச்சம்மா. “கண்ணாடியத் தொடச்சிட்டுப் பாருங்க தாயி. அந்தா நாலாவதா நிக்கேன்.”

மேடம் சிரித்து, என்ன அழகாகச் சொல்கிறீர்கள் என்று அதை எழுதிக்கொண்டார். பிறகு கம்பெனிக்குச் சிபாரிசு செய்தார்: இந்தச் சுவரை வெயிலிலும் மழையிலும் விடுவது பாவம், பெயர்த்து மதுரையில் கட்டியிருக்கும் புதிய தலைமை அலுவலகத்தின் முன்கூடத்தில் வைக்கவேண்டும். கம்பெனிக்கு அதைவிட இனிப்பாக எது இருக்கும்? சாட்சியை ஜோடித்து மாலைபோட்டு வீட்டுக்குள் வைத்துக்கொள்வதைப்போல ஒரு வசதி உண்டா? மெஷின்கள் வந்தன, சுவரை நீள நீளத் துண்டாக அறுத்தார்கள், பஞ்சு வைத்துச் சுற்றினார்கள், நோயாளியைத் தூக்குவதுபோலக் கிரேனில் தூக்கினார்கள். அறுத்த இடத்தில் ஓட்டை விழுந்து உள்ளே கண்மாய் தெரிந்தது. வெடித்த களிமண், நடுவில் குழாய்கள். எங்கள் பிள்ளைகளில் பலர் கண்மாயை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தார்கள்.

சுவர் போய்விட்டது, இனி வரிசைக்குத் தலையில்லை, நாளை காலை பிடித்துக்கொள்வார்கள் என்று சுகுமாரன் லாரியை அனுப்பினான். யாரும் வரவில்லை. அன்று ஊர்க்கூட்டம்கூடப் போடவில்லை. முதல் குடம் மதுரைக்குப் போயிருக்கிறது என்றால் வரிசை மதுரையில் இருக்கிறது என்று பொருள், இதில் பேச என்ன இருக்கிறது? திறப்பு விழாவுக்கு ‘ஊர் மக்கள்’ என்று போட்டோவுக்கு நிற்கப் பத்துப் பேர் வேண்டுமென்று அவனே ஒரு வேன் அனுப்பியிருந்தான். வேனில் ஏறியது போக மற்றவர்கள் பஸ் பிடித்தோம். ஆளுக்கொரு குடம். கண்டக்டர் குடத்துக்கு லக்கேஜ் கேட்டார். அதுவும் நானும் வேற வேற ஆளில்ல தம்பி, ஒரே டிக்கெட்தான் என்றாள் ஒச்சம்மா, அவர் யோசித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

கண்ணாடிக் கட்டடம். பளிங்குத் தரை. ஒரு மூலையில் செயற்கை நீரூற்று, குடிக்க அல்ல, சத்தத்துக்கு. எதிரே எங்கள் சுவர், துண்டுகளை ஒட்டி நிமிர்த்தி, பக்கவாட்டில் விளக்குகள் போட்டு நின்றது; உண்மையைச் சொன்னால், எங்கள் ஊர் வெயிலில் தெரிந்ததைவிட அங்கே குன்று நன்றாகத் தெரிந்தது, அது என் நெஞ்சை அறுத்தது. ‘பாத்திரங்களும் நிலமும்’ என்று பித்தளைப் பலகையில் பொறித்திருந்தார்கள். செய்தவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் கம்பெனியின் பெயர் இருந்தது. காவலாளிகள் ஊர் மக்கள்தானே என்று கதவைத் திறந்துவிட்டார்கள். நாங்கள் ஒவ்வொருவராகப் போய், சுவரில் இருக்கும் முறைப்படி, அவரவர் குடத்தைப் பளிங்கின் மேல் வைத்துவிட்டு நின்றோம். வரிசை முன்கூடத்தை நிறைத்து, வாசலைத் தாண்டி, கார்கள் நிற்கும் இடம்வரை போனது. கூச்சல் இல்லை, கோஷம் இல்லை. கோஷம் என் தொண்டை வரைக்கும் வந்தது, ஒச்சம்மா பார்த்த பார்வையில் விழுங்கிவிட்டேன்.

முதலாளி வந்தார். சுவரின் அடியில் குத்துவிளக்கு. அதை ஏற்ற அவர் எங்களுக்கு முன்னால் புகவேண்டும். அவர் கையில் மெழுகுவர்த்தியோடு இரண்டடி வைத்ததும், வரிசையில வாங்கய்யா என்று வாளிக்காரி மெதுவாகச் சொன்னாள். அவர் பின்னால் வந்தவர்கள் நின்றார்கள். கேமராக்காரர்கள் கேமராவை அவர் முகத்திலிருந்து எங்கள் பக்கம் திருப்பினார்கள். சுகுமாரன் வேர்த்து ஓடிவந்து அவர் காதில் ஏதோ சொன்னான். முதலாளி புன்னகையைக் கலைக்காமல் கேட்டார், பிறகு லூர்தம்மாளைப் பார்த்து, என்னம்மா வேண்டும் உனக்கு என்றார். அவள் கம்பெனி கேட்டில் சொன்னதையே சொன்னாள். இவ்வளவுதானா என்று அவர் சுகுமாரனைப் பார்த்த பார்வையில், இதற்கா இத்தனை செலவு வைத்தாய் என்பது இருந்தது. அழுகிற பிள்ளைக்கு மிட்டாய் எறிவதுபோல, கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்க அவர் சொன்னார்:

“சரிம்மா. உன் பொண்ணு ஓடல. வரிசையிலதான் நின்னா. முதல் ஆளா நின்னா. போதுமா? இப்ப வழிவிடச் சொல்லு.”

நாங்கள் லூர்தம்மாளைப் பார்த்தோம். கேட்டது கிடைத்துவிட்டது. இனி அவள் இடத்தை விட்டுட்டோம் என்று சொல்லலாம், சொன்னால் ஒருவரும் குறை சொல்லமாட்டோம், குடத்தை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய் வாய் நிறையத் தண்ணீர் குடிக்கலாம். அவள் சுவரின் அருகே போனாள். அந்த ஒடுங்கிய இடத்தில், பிள்ளையை இடுப்பில் ஏந்தும்போது வைப்பதுபோல உள்ளங்கையை வைத்தாள். பிறகு திரும்பினாள்.

“நின்னா. சரி. நின்னுக்கிட்டு இருந்தவ மேல லாரி எப்படிய்யா ஏறுச்சு?”

முதலாளியின் கையில் மெழுகு உருகி விரலில் விழுந்தது, அவர் கையை உதறினார், மெழுகுவர்த்தி அணைந்துவிட்டது. நந்திதா மேடம் சுவரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார். நாலாவது உருண்டையில் அவர் கண் வந்து நின்றதையும், வாயைப் பொத்திக்கொண்டதையும் நான் கண்டேன். சுகுமாரன் போனில் போலீசைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். என்ன நடக்கிறது, கலவரமா என்று அங்கே கேட்டிருப்பார்கள்போல. இல்லை, நிற்கிறார்கள் என்றான். மறுபடி, சும்மா நிற்கிறார்கள் சார் என்றான்.

அப்போது லிஃப்ட் பக்கத்திலிருந்து அந்தக் கட்டடத்தில் தரை துடைக்கும் பெண், நீலக் கோட்டு போட்டவள், வாளியும் கையுமாக வந்து வரிசையை மேலும் கீழும் பார்த்தாள். எங்கள் ஊர்க்காரி அல்ல, எந்தத் தெருவோ, அங்கே எத்தனை நாளைக்கு ஒருமுறை லாரியோ.

“கடைசி யாரு?” என்று கேட்டாள்.

ஒச்சம்மா தலையைத் திருப்பாமல் கையை மட்டும் வாசல் பக்கம் காட்டினாள். அந்தப் பெண் வாளித் தண்ணீரை அங்கேயே பளிங்குத் தரையில் முழுசாகக் கவிழ்த்துவிட்டு, காலி வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையின் கடைசிக்கு நடந்தாள்.